மெக் முகவரியை எப்போது, எதற்காக, எப்படி மாற்றலாம்?

ஐப்பசி பிறந்தால் திருகோணமலையில் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கிவிடும். மதியம் வரை வெயில் கொளுத்தும், பிறகு வானம் கறுத்து அரை மணித்தியாலத்தில் ஊரே இருண்டுவிடும். அடுத்த நாள் காலையில் எனக்கு வரும் முதல் அழைப்பு அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "தம்பி, கொம்பியூட்டர் வேலை செய்யுது, நெற் மட்டும் வருகுதில்லை." போய்ப் பார்த்தால், லான் கேபிள் வழியாக வந்த மின்னல் அதிர்ச்சி கணினியின் நெட்வேர்க் பகுதியை மட்டும் எரித்திருக்கும். மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கும்.

அப்படி ஒரு கந்தோரில், எரிந்துபோன போர்ட்டுக்குப் பதிலாக ஒரு யூஎஸ்பி லான் அடப்டரைப் பூட்டினேன். லைட் எரிந்தது, நெற் வரவில்லை. கேபிளை மாற்றினேன், அடப்டரை மாற்றினேன், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் திரும்பப் போட்டேன். அரை நாள் போய்விட்டது. கடைசியில்தான் காரணம் தெரிந்தது. அந்த மேசைக்கு வரும் கேபிளில் எரிந்துபோன போர்ட்டின் மெக் முகவரி, அதாவது அதன் அடையாள எண், தெரிந்தால் மட்டும் வழிவிடும்படி சுவிட்சை, அதாவது கந்தோர்க் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டியை, அமைத்திருந்தார்கள். புது அடப்டரின் முகவரி அதற்கு அந்நியம். நெட்வேர்க்குக்குப் பொறுப்பானவரிடம் போனில் கேட்டேன். "அண்ணை, புது அடப்டருக்குப் பழைய முகவரியையே இப்போதைக்குப் போட்டுவிடுங்கோ, நான் திங்கட்கிழமை வந்து பட்டியலை மாத்துறன்" என்றார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

என்னிடம் வேலை பழக வரும் பெடியளுக்கு அதிலிருந்து முதல் கிழமையே இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மெக் முகவரியை மாற்றுவது என்றதும் சிலர் களவு வேலை என்று பயப்படுகிறார்கள். வேறு சிலர் இலவச வைஃபை கிடைக்கும் என்று சந்தோசப்படுகிறார்கள். இரண்டு பேருக்கும் விளங்க வேண்டியது, இது பியூஸ் கட்டையை மாற்றுவதுபோல ஒரு சாதாரணப் பராமரிப்பு வேலை என்பதும், அதற்கு நியாயமான காரணமும் உரியவரின் சம்மதமும் இருக்கவேண்டும் என்பதும்தான். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில், அது என்ன முகவரி?

கேபிளில் ஓடுவதானாலும் வைஃபையில் ஓடுவதானாலும், நெட்வேர்க் காட் (கணினியை வலையமைப்போடு இணைக்கும் பகுதி) ஒவ்வொன்றிலும் தயாரிக்கும் இடத்திலேயே ஒரு முகவரி எழுதப்படுகிறது. அதன் நீளம் 48 பிட். நம் கண்ணுக்கு அது இரண்டிரண்டாகப் பிரித்த 12 பதினறும இலக்கங்களாகத் தெரியும். உதாரணத்துக்கு, 08:00:27:14:63:90. பதினறுமம் என்பதால் 0 முதல் 9 வரையான இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் வரும். நான் இங்கே தரும் உதாரணங்களில் வசதிக்காக எண்களை மட்டும் போடுகிறேன்.

முகவரியின் முதல் பாதியை ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கிறது. மற்றப் பாதியை அந்த நிறுவனம் தானே போட்டுக்கொள்ளும். ஒரு முற்பாதியை வைத்து 16,777,216 காட்டுகளுக்கு வேறுவேறு முகவரி கொடுக்கலாம். உலகத்தில் எந்த இரண்டு காட்டுக்கும் ஒரே முகவரி வரக்கூடாது என்பதுதான் நோக்கம். நடைமுறையில் அது எப்போதும் அப்படி அமைவதில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

மெக் முகவரிக்கும் ஐபி முகவரிக்கும் என்ன வித்தியாசம் என்று எல்லோரும் கேட்பார்கள். கொழும்பிலிருந்து உங்கள் மாமா ஒரு பொதி அனுப்புகிறார் என்று வையுங்கள். பொதியின் மேல் உவர்மலையில் உள்ள உங்கள் வீட்டு விலாசம் இருக்கிறது. ஆனால் பொதி பல கை மாறித்தான் வருகிறது. பஸ் கொண்டக்டர் அதைத் திருகோணமலை பஸ் நிலையத்தில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் கொடுக்கிறார், ஓட்டோக்காரர் உங்கள் அம்மாவிடம் கொடுக்கிறார். பொதியின் மேல் இருக்கும் விலாசம் ஐபி முகவரி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் "இவரிடமிருந்து இவருக்கு" என்று ஆளைப் பார்த்துக் கொடுப்பது மெக் முகவரி. கொழும்பில் இருக்கும் மாமாவுக்கு ஓட்டோக்காரரின் முகம் தெரியத் தேவையில்லை. அதேபோல உங்கள் கணினியின் மெக் முகவரி உங்கள் ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. ஐபி பதிப்பு 6 இல் பழைய முறைப்படி அமைத்த இணைப்புகளில் மட்டும் மெக் முகவரி ஐபி முகவரிக்குள்ளேயே பொதிந்து வெளியே போகும். இப்போதைய போன்களும் கணினிகளும் பெரும்பாலும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டன.

இது விளங்கினால் சில வீண் நம்பிக்கைகள் தானாகவே போய்விடும். மெக் முகவரியை மாற்றினால் நெற் வேகம் கூடாது. நீங்கள் போகும் இணையதளத்துக்கு அந்த மாற்றம் தெரியவும் தெரியாது, உங்களை அதனிடமிருந்து மறைக்கவும் செய்யாது. அது செல்லுபடியாவது உங்கள் வீடு, கந்தோர், விடுதி என்ற அந்த ஒரு வலையமைப்புக்குள் மட்டும்தான்.

இன்னொன்று, நாம் மாற்றும்போது காட்டில் எழுதிய பழைய முகவரி அழிந்துபோவதில்லை. "இப்போதைக்கு இந்த முகவரியில் பேசு" என்று இயங்குதளம் காட்டிடம் சொல்கிறது, அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் பழையதற்குத் திரும்பலாம். ஆகவே கைவைக்கப் பயப்பட வேண்டாம்.

நியாயமான காரணங்கள்

பழுதான காட்டுக்குப் பதில் புதியது போடுவதை மேலே சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் இடி மின்னலோடு கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கரையோரக் கட்டடங்களில் லான் போர்ட்டுக்குள் இருக்கும் கம்பிகள் உப்புப் படிந்து பச்சை பிடித்துப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். காட் மாறும்போதெல்லாம் சுவிட்சின் பட்டியல், ரவுட்டரில் அந்தக் கணினிக்கென்று ஒதுக்கிய ஐபி முகவரி, சில கந்தோர்களில் எதை உள்ளே விடுவது என்று பார்க்கும் நெருப்புச் சுவர் (ஃபயர்வோல்) விதிகள் என்று எல்லாம் பழைய மெக் முகவரியையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். சரியான நிரந்தரத் தீர்வு அந்தப் பட்டியல்களில் புதிய முகவரியை எழுதுவதுதான். ஆனால் பட்டியலை மாற்ற அதிகாரம் உள்ளவர் ஊரில் இல்லை, சம்பளப் பட்டியல் இன்றைக்கே போகவேண்டும் என்றால், அவர் சம்மதத்தோடு பழைய முகவரியைத் தற்காலிகமாகப் போடுவது நியாயமானது.

சில கணக்கு மென்பொருள்களும் வடிவமைப்பு மென்பொருள்களும் தங்கள் உரிமத்தைக் கணினியின் மெக் முகவரியோடு கட்டிவைத்திருக்கும். காட் எரிந்தால் உரிமமும் போய்விட்டது என்று சொல்லும். இங்கே என் அபிப்பிராயம் கொஞ்சம் கண்டிப்பானது. முதலில் விற்றவரிடம் கேளுங்கள். உரிமத்தைப் புதிய முகவரிக்கு மாற்றித் தர அவர்களிடம் வழமையாக ஒரு நடைமுறை இருக்கும். அவர்கள் சரி என்றால் மட்டும் பழைய முகவரியைப் போடுங்கள். ஒரு உரிமத்தை இரண்டு கணினியில் ஓட்டுவதற்காக இதைச் செய்வது வேறு விஷயம், அதற்கு நான் கை கொடுப்பதில்லை.

அடுத்தது, ஒரே முகவரி இரண்டு இடத்தில் வந்துவிடுவது. இதை நான் அனுபவத்தில் படித்தேன். உயர்தரம் படிக்கும் இரண்டு மாணவர்கள் செயற்றிட்டத்துக்காக இரண்டு வெப்பநிலை உணரிகள் செய்துகொண்டு வந்தார்கள். ஆர்டுவினோ என்ற சின்னக் கணினிப் பலகை, அதன் மேல் லான் கேபிள் பூட்டுவதற்கான ஈதர்நெட் ஷீல்ட். தனித்தனியே பூட்டினால் இரண்டும் அருமையாக வேலை செய்தன. ஒரே சுவிட்சில் இரண்டையும் பூட்டினால் ஒன்றின் அளவீடு வரும், மற்றது நின்றுவிடும், பிறகு நின்றது வரும், வந்தது நின்றுவிடும். "அண்ணா, ரெண்டும் சண்டை பிடிக்குது" என்றான் ஒருவன். உண்மையில் அதுதான் நடந்தது.

அந்த ஷீல்டில் இருந்த டபிள்யூ5100 சில்லுக்குச் சொந்தமாக மெக் முகவரி கிடையாது. நாம் எழுதும் நிரலில்தான் கொடுக்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே மாதிரி நிரலைக் கொப்பி பண்ணியிருந்தார்கள், அதிலிருந்த முகவரியோடு சேர்த்து. சுவிட்ச் எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஒரு அட்டவணை வைத்திருக்கும். ஒரே முகவரி இரண்டு போர்ட்டிலிருந்தும் பேசினால், கடைசியாக யார் பேசினாரோ அவர் பக்கமே அடுத்த பொதியை அனுப்பும். மற்றவருக்கு வரவேண்டியதும் இவரிடம் போய்விடும். ஒன்றுக்கு 02:00:00:00:01:01 என்றும் மற்றதுக்கு 02:00:00:00:01:02 என்றும் மாற்றினோம். அந்த நிமிடமே சண்டை தீர்ந்தது. உங்கள் ஷீல்டில் முகவரி அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தால் அதையே நிரலில் போடுங்கள், அது இன்னும் நல்லது.

பெயர் தெரியாத மலிவு யூஎஸ்பி அடப்டர்களிலும் இந்தப் பிரச்சினை வரும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு அடப்டர்களில் ஒரே முகவரி எழுதப்பட்டிருப்பது உலகம் முழுக்கத் தெரிந்த குறைபாடு. ஒரு கந்தோருக்கு மொத்தமாக வாங்கினால், பூட்ட முதல் ஒவ்வொன்றின் முகவரியையும் ஒரு கொப்பியில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுவேறு வலையமைப்பில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு ஒரே முகவரி இருந்தால் ஒன்றும் ஆகாது. நடுவில் ரவுட்டர் இருக்கிறதே.

கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இதே மோதல் வேறு உருவத்தில் வரும். நண்பன் அமைத்த மெய்நிகர் கணினியை, அதாவது கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினியை, பென் டிரைவில் கொப்பி பண்ணி வந்து இருவரும் ஒரே ஆய்வுகூடத்தில் திறப்பார்கள். மெய்நிகர் காட்டுகளுக்கு மென்பொருள்தான் முகவரி கொடுக்கிறது. விர்ச்சுவல்பொக்ஸில் 08:00:27 என்று தொடங்கும், கியூ.ஈ.எம்.யூ.வில் வழமையாக 52:54:00. கொப்பியோடு முகவரியும் வந்துவிடும். மெய்நிகர் கணினி நெட் (என்.ஏ.டி.) முறையில் இருந்தால் பிரச்சினையில்லை, ஏனென்றால் அது உங்கள் கணினிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பிரிட்ஜ் முறையில், அதாவது வலையமைப்பில் தனிக் கணினிபோல நேரே இணைந்து, இருந்தால் மோதும். விர்ச்சுவல்பொக்ஸில் குளோன் (கொப்பி) எடுக்கும்போதே, எல்லாக் காட்டுகளுக்கும் புதிய மெக் முகவரி உருவாக்கு என்ற தெரிவு இருக்கிறது. அதைத் தெரிவுசெய்தால் போதும். கொப்பி எடுத்த பிறகு ஞாபகம் வந்தால், அந்தக் கணினியின் நெட்வேர்க் அமைப்பில் முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். புது முகவரி தானாக வரும்.

ரவுட்டரை மாற்றும்போதும் தேவை வரலாம். சில வகை இணைப்புகளில் சேவை வழங்குபவரின் பக்கம் முதலில் பூட்டிய கருவியின் மெக் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு, வேறு கருவி வந்தால் வழிவிடாது. அதற்காகத்தான் வீட்டு ரவுட்டர்களிலேயே "மெக் குளோன்" என்ற வசதியைத் தந்திருக்கிறார்கள். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் இணைப்புகளில் இதற்கு அநேகமாகத் தேவை வராது. பெரிய இடங்களில் ஒரு ரவுட்டர் படுத்தால் மற்றது எழும்பி வேலை செய்வதற்காக, இரண்டும் ஒரு பொது மெக் முகவரியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அது தரப்படுத்தப்பட்ட முறை, கருவிகள் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

பிறகு சோதனை. உங்கள் சொந்த சுவிட்சில் "அந்நிய முகவரி வந்தால் தடு" என்று அமைத்தீர்கள். அது உண்மையாகத் தடுக்கிறதா என்று எப்படி அறிவது? உங்கள் லப்டொப்பின் முகவரியை மாற்றிப் பூட்டிப் பார்ப்பதுதான் வழி. நான் ஒரு இடத்தில் வேலையை ஒப்படைக்க முதல் இதைக் கட்டாயம் செய்வேன், உரிமையாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

உங்கள் போன் ஏற்கெனவே மாற்றிக்கொண்டிருக்கிறது

அந்தரங்கம் என்ற காரணத்தைத் தனியாக எழுதவேண்டும். வைஃபை திறந்திருக்கும் போன் பையில் கிடந்தாலும், "எனக்குத் தெரிந்த வலையமைப்பு பக்கத்தில் இருக்கிறதா?" என்று அடிக்கடி கேட்டுக்கொண்டேயிருக்கும். அந்தக் கேள்வியோடு ஒரு மெக் முகவரியும் போகும். முகவரி எப்போதும் ஒன்றாகவே இருந்தால், கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கருவிக்கு "இவர் நேற்றும் இந்த வழியால் போனார்" என்று தெரிந்துவிடும். லண்டன் நகரில் வீதியோரக் குப்பைத் தொட்டிகளில் இப்படிப்பட்ட கருவிகளைப் பொருத்தி, போகிற வருகிறவர்களின் போன்களைக் கணக்கெடுத்த செய்தி 2013 ஓகஸ்டில் வெளிவந்தது. அந்த மாதமே நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது.

ஐபோன் 2014 இல் வந்த ஐஓஎஸ் 8 இலிருந்து, வைஃபை தேடும்போது போலி முகவரியைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2019 இல் வந்த அன்ட்ரொயிட் 10, வலையமைப்பில் இணையும்போதும் எழுமாறான முகவரியைப் பயன்படுத்துவதை வழமையாக்கியது. 2020 இல் ஐஓஎஸ் 14 உம் அப்படியே செய்தது. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒவ்வொரு முகவரி. நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே உங்கள் போன் மெக் முகவரியை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இது குற்றமோ குறும்போ என்றால் உலகத்தில் பாதிப் போன்களைப் பிடித்து உள்ளே போடவேண்டும்.

இதனால் வைஃபை நடத்துபவர்களுக்கு ஒரு தலையிடி உண்டு. நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில், வெளிநாட்டவர் நிறைந்திருக்கும் ஆடி மாதத்தில், பின்னேரமானால் புதிதாக வருபவர்களுக்கு வைஃபை கிடைப்பதில்லை என்று கூப்பிட்டார்கள். வரவேற்பறைக்கு ஒரு வைஃபை பெயர், சாப்பாட்டு மண்டபத்துக்கு ஒன்று, கடற்கரைப் பக்கம் ஒன்று. ஒரே விருந்தாளியின் போன் மூன்று பெயருக்கும் மூன்று மெக் முகவரியோடு போய், மூன்று ஐபி முகவரிகளை எடுத்துக்கொண்டது. ரவுட்டரில் கொடுப்பதற்கு இருந்ததே 100 ஐபி முகவரிகள்தான், எடுத்தால் 24 மணித்தியாலம் விடாது. மூன்று இடத்துக்கும் ஒரே பெயரை வைத்து, பிடித்துவைக்கும் நேரத்தை 2 மணித்தியாலமாகக் குறைத்தேன். பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை. விடுதிக்காரர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே விடுதியில் ஊழியர் வைஃபைக்கு மெக் முகவரிப் பட்டியல் ஒன்று போட்டிருந்தார்கள். புதுப் போன் வாங்கிய பெடியனால் இணைய முடியவில்லை. அங்கே செய்யவேண்டியது நேர்மாறு: அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் போனின் உண்மையான முகவரியைப் பயன்படுத்தச் சொல்வது. முதலாளிக்கு ஒன்றையும் சொன்னேன். மெக் பட்டியல் ஒரு பூட்டு ஆகாது. வைஃபையில் கடவுச்சொல் இருந்தாலும் மெக் முகவரிகள் மறைக்கப்படாமல்தான் காற்றில் போகின்றன. நல்ல நீளமான கடவுச்சொல்தான் பூட்டு.

எப்போது கைவைக்கக் கூடாது

இன்னொருவர் காசு கட்டிய வைஃபைக்குள் அவருடைய முகவரியைப் போட்டுக்கொண்டு நுழைவது, இலவச நேரம் முடிந்ததும் புது ஆளாக வேடம் போட்டுத் திரும்ப எடுப்பது, தடைசெய்யப்பட்ட கணினியை வேறு முகவரியில் உள்ளே விடுவது, இவை எதற்கும் நியாயம் கிடையாது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமில்லாமல் நுழைவதைக் குற்றமாக்குகிறது. நீங்கள் நுழைந்த விதம் மெக் முகவரியா, திருடிய கடவுச்சொல்லா என்பது பிறகு வரும் கதை.

எனக்குச் சந்தேகம் வரும்போது நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான். அந்த வலையமைப்புக்குப் பொறுப்பானவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அப்போதும் இதைச் செய்வேனா? பதில் ஓம் என்றால் செய்யலாம். தயக்கம் வந்தால் முதலில் அவருக்குப் போன் எடுக்கவேண்டும்.

மாற்ற முதல்

இப்போதுள்ள முகவரியைக் கொப்பியில் எழுதுங்கள், அல்லது திரையைப் போனில் படம் எடுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட் பகுதிக்குப் போய், உங்கள் இணைப்பின் விபரங்களைத் திறந்தால் "பிசிக்கல் அட்ரஸ்" என்று இருக்கும். எரிந்த காட்டின் முகவரி வேண்டுமென்றால் கணினியின் ஸ்டிக்கரிலோ ரவுட்டரின் பட்டியலிலோ தேடுங்கள். கணினி எரிந்தாலும் ரவுட்டரின் ஞாபகம் எரியவில்லையல்லவா.

தூரத்திலிருந்து இணைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது மாற்றவே வேண்டாம். மாற்றிய கணமே இணைப்பு அறுந்து, நீங்கள் இங்கே, கணினி மூதூரில் என்று ஆகிவிடும்.

புதிய முகவரியை நீங்களே உருவாக்குவதென்றால் ஒரு விதி உண்டு. முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருக்கவேண்டும். "இது நிறுவனம் கொடுத்ததல்ல, உள்ளூரில் நாங்களே வைத்தது" என்று அது அறிவிக்கிறது. அப்படி வைத்தால் எந்த நிறுவனத்தின் முகவரியோடும் மோதாது. இரண்டாவது இலக்கம் 1, 3, 5 போன்ற ஒற்றைப்படையாக வரவே கூடாது. அது பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் முகவரிக்கு உரியது, தனிக் கணினிக்குப் போட்டால் வேலை செய்யாது. நான் 02 இல் தொடங்கி, கடைசி இரண்டு சோடியில் கட்டட எண்ணையும் கருவி எண்ணையும் போடுவேன். 02:00:00:00:03:07 என்றால் மூன்றாம் கட்டடத்தின் ஏழாம் கருவி. இரண்டு வருடம் கழித்துப் பட்டியலைப் பார்த்தாலும் விளங்கும்.

விண்டோஸில்

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மெனேஜரைத் திறவுங்கள். நெட்வேர்க் அடப்டர்ஸ் என்பதை விரித்தால் உங்கள் காட்டுகள் வரிசையாக வரும். கேபிள் காட்டும் வைஃபை காட்டும் வேறுவேறு, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. சரியானதை இருமுறை கிளிக் செய்து, அட்வான்ஸ்ட் என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்குள்ள பட்டியலில் "நெட்வேர்க் அட்ரஸ்" அல்லது "லோக்கலி அட்மினிஸ்டர்ட் அட்ரஸ்" என்று தேடுங்கள். அதைத் தெரிவுசெய்து, வலப்பக்கப் பெட்டியில் 12 இலக்கங்களையும் இடைவெளி, புள்ளி, கோடு எதுவுமில்லாமல் ஒன்றாக எழுதுங்கள். 020000000307 என்பதுபோல. ஓகே கொடுத்தால் இணைப்பு ஒரு கணம் அறுந்து திரும்ப வரும்.

பட்டியலில் அந்த வரி இல்லையென்றால் அந்த டிரைவர் இதற்கு இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போட்டுப் பாருங்கள். வைஃபை காட்டுகள் பல, இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இல்லாத முகவரியை ஏற்றுக்கொள்வதில்லை. பழைய காட்டின் முகவரியைப் புது வைஃபை காட்டுக்குப் போடமுடியாமல் திண்டாடுவது பெரும்பாலும் இதனால்தான். அந்தரங்கத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வைஃபை அமைப்புகளில் "ரண்டம் ஹார்ட்வெயார் அட்ரசஸ்" என்ற ஆளியைப் போட்டுவிடுங்கள்.

உபுண்டுவில், போனில், ரவுட்டரில்

உபுண்டு லினக்ஸில் செட்டிங்ஸுக்குள் போய், இணைப்புக்குப் பக்கத்தில் உள்ள பற்சில்லு அடையாளத்தை அழுத்துங்கள். ஐடென்டிட்டி என்ற பக்கத்தில் "குளோன்ட் அட்ரஸ்" என்று ஒரு பெட்டி இருக்கும். முகவரியை இங்கே இரட்டைப்புள்ளிகளோடு எழுதவேண்டும். அப்ளை கொடுத்து, இணைப்பை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போடுங்கள். இதே பெட்டியில் "ரண்டம்", "ஸ்டேபிள்" என்ற தெரிவுகளும் உண்டு. ஸ்டேபிள் என்பது போன் செய்வதுபோல, ஒவ்வொரு இணைப்புக்கும் மாறாத ஒரு போலி முகவரி. எனக்குப் பிடித்தது அதுதான்.

அன்ட்ரொயிட் போனில் வைஃபை பெயரை அழுத்தி, பிரைவசி என்பதற்குள் போனால், எழுமாறான மெக், போனின் மெக் என்ற இரண்டில் ஒன்றைத் தெரியலாம். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறிய வட்டத்தை அழுத்தினால் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" வரும். ஐஓஎஸ் 18 இலிருந்து அங்கே நிறுத்தம், நிலையானது, மாறிக்கொண்டிருப்பது என மூன்று தெரிவுகள். வீட்டுக்கும் கந்தோருக்கும் நிலையானது போதும். பஸ் நிலையம், விடுதி போன்ற பொது இடங்களுக்கு மாறிக்கொண்டிருப்பதை வைத்துக்கொள்ளலாம்.

ரவுட்டரில், வெளி இணைப்புக்குரிய அமைப்புகளுக்குள் "மெக் குளோன்" இருக்கும். பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை எழுதி, சேமித்து, ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். ஒட்டியிருப்பது வெளி இணைப்பின் முகவரியா, உள் இணைப்பின் முகவரியா என்று கவனியுங்கள். சில ரவுட்டர்களில் இரண்டுக்கும் கடைசி இலக்கம் மட்டும் வித்தியாசப்படும்.

மாறியதா என்று பாருங்கள்

முதலில் பார்த்த அதே இடத்தில் திரும்பப் பார்த்து, புது முகவரி தெரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலிலும் பாருங்கள். கணினி ஒன்றைச் சொல்லி ரவுட்டர் வேறொன்றைச் சொன்னால், நீங்கள் மாற்றியது வேறு காட்டை.

புது முகவரியோடு கணினி வலையமைப்புக்குப் புது ஆள். ஆகவே ஐபி முகவரியும் மாறக்கூடும். கந்தோர் பிரிண்டர் ஒன்றுக்கு இப்படி மாற்றினால், அதைத் தேடும் மற்றக் கணினிகள் பழைய ஐபி முகவரிக்கே போய் நிற்கும். ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒதுக்கிய ஐபி முகவரியைப் புது மெக் முகவரிக்கு எழுதிவிடுங்கள். மற்றக் கணினிகளும் பழைய மெக் முகவரியைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். சில நிமிடம் பொறுங்கள், அல்லது திரும்பத் தொடக்குங்கள். தூரத்திலிருந்து கணினியை எழுப்பும் வசதியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கணினி நிறுத்தியிருக்கும்போது பல காட்டுகள் தயாரிப்பு முகவரிக்கே திரும்பிவிடும். எழுப்புவதற்கு அந்தப் பழைய முகவரியைத்தான் கூப்பிடவேண்டும்.

எல்லாம் குழம்பிவிட்டால், விண்டோஸில் அதே அட்வான்ஸ்ட் பக்கத்துக்குப் போய் "நொட் பிரசன்ட்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். உபுண்டுவில் அந்தப் பெட்டியை வெறுமையாக விடுங்கள். ரவுட்டரில் வழமை முகவரிக்குத் திருப்பும் தெரிவை அழுத்துங்கள். காட்டின் சொந்த முகவரி அப்படியே வந்து நிற்கும்.

நான் சொன்ன அந்தக் கந்தோரில், திங்கட்கிழமை அவர் வந்து பட்டியலில் புது அடப்டரின் உண்மையான முகவரியை எழுதினார். நானும் போய் "நொட் பிரசன்ட்" போட்டுவிட்டு, நெற் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். மின்னல் எரித்த அந்தப் பழைய போர்ட்டுக்கு மேல் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி, இரண்டு முகவரிகளையும் திகதியையும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து யார் வந்து திருத்தினாலும் அவருக்கு அரை நாள் மிச்சம்.